மறுமொழி காணாத மடல்கள்

கடிதம் இலக்கியமாகுமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. ஓலை, முடங்கல், திருமுகம், நீட்டு எனப் பல பெயரிட்டு அதனைப் போற்றிய மொழி நம்முடையது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகின்றாள். தாழை மடலில் எழுதிய முதல் முடங்கலை அவன் ஏற்க மறுக்கின்றான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் ஓலையைக் கண்டு தன் பிழையை உணர்கின்றான். அதன் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துவதாக இருந்தமையால், அவ்வோலையையே அவர்களிடம் சேர்க்கச் சொல்லி அனுப்பிவிடுகின்றான். மாதவிக்கென்று அவன் ஒரு வரியும் எழுதினானில்லை.

காப்பியத்தில் நின்றது பெண்ணின் கடிதம். நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இன்று நாம் பெரும்பாலும் காண்பதோ இதற்கு நேர்மாறு. ஆடவர் எழுதியவை தொகுதிகளாகின்றன. பெண்டிரின் மறுமொழி காணக் கிடைப்பதில்லை. இக்குறையைக் கருதாது கடிதத் தொகுதிகளை மதிப்பிடுவது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது போன்றதாகும்.

காத்தவர் யார்?

கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்குகின்றது. ஆதலின், ஒரு கடிதத்தின் முதற் பதிப்பாசிரியர் அதனைக் கிழிக்காமல் எடுத்து வைத்தவரே. புதுமைப்பித்தன் தம் மனைவியார் கமலாவுக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்து, ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் நூலாக்கினார். சிறுகதைகளில் உலகையே எள்ளி நகைத்த எழுத்தாளர், இக்கடிதங்களில் பணமின்மையும் பிரிவும் வாட்டும் எளிய கணவராகக் காட்சி தருகின்றார். படத்தொழிலை நம்பிப் புனே சென்று, காச நோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார் என்பதை அறிந்து படிப்போர்க்கு அவ்வரிகள் நெஞ்சைச் சுடும்.

எனினும் நூலின் தலைப்பே அதன் எல்லையையும் சொல்லிவிடுகின்றது. இவை கமலாவுக்கு வந்தவை. கமலாவிடமிருந்து சென்றவை அல்ல. அவ்வம்மையாரும் சிறுகதை எழுதியவர். ‘காசுமாலை’ அவர்தம் தொகுதி. எழுதத் தெரிந்த ஒருவரின் மறுமொழிகள் இவற்றோடு எதிரெதிரே வைத்துப் படிக்கக் கிடைத்திருப்பின், நாம் காண்பது ஓர் எழுத்தாளரின் துயரமாக மட்டும் நில்லாது, ஒரு குடும்பத்தின் வரலாறாகவே விரிந்திருக்கும்.

ஏட்டில் ஏறாத குரல்

இக்குறை அச்சுக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் முதலியார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக் கண்டு படியெடுத்தார். பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றை ‘முதலியார் ஓலைகள்’ எனப் பதிப்பித்தார். வரியும் நிலமும் அரசாணையும் பேசும் அவ்வோலைகளில் மனிதரை அடிமையாக விற்ற ஆவணங்களும் உள்ளன. விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் அங்கே உண்டு. விலைபோனவர் சொன்ன சொல் ஒன்றேனும் உண்டா? காக்கப்பட்ட ஏடு நமக்கு எவ்வளவு சொல்கின்றதோ, அவ்வளவுக்குக் காக்கப்படாத ஏட்டையும் நினைவூட்டுகின்றது.

கடல்கடந்த சான்று

புலம்பெயர்ந்தோர் கடிதங்களை ஆராய்ச்சிப் பொருளாக்கியதில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த வில்லியம் தாமஸ், ஃப்ளோரியன் ஸ்னானியெக்கியுடன் இணைந்து, 1918 முதல் 1920 வரை போலந்து உழவரைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். செய்தித்தாளில் விளம்பரம் செய்து, காசு கொடுத்து வாங்கிய குடும்பக் கடிதங்கள் அவற்றுக்கு அடிப்படை. வாங்கிய இடம் அமெரிக்கா. ஆகவே கிடைத்தவையும் பெரும்பாலும் போலந்திலிருந்து வந்தவையே. அங்கும் பாதி உரையாடல்தான்! 1965இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய குடியேற்ற வரலாற்று ஆய்வு மையமோ, பெயரறியாத தொழிலாளர் குடும்பங்களின் தாள்களையும் ஆவணமெனப் போற்றுகின்றது. மூலத்தின் படிமம், எழுத்துப்படி, மொழிபெயர்ப்பு என மூன்றையும் சேர்த்தளிக்கும் முறையையும் அது கையாண்டுள்ளது. நாம் பின்பற்றத்தக்க முறை இது.

எல்லையோரப் பெட்டிகள்

இம்முறை நம் செங்கலுக்கும் பாறசாலைக்கும் ஏன் வேண்டும்? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பெண் எடுத்த வீடு மறு மாநிலத்திலும் ஆயின. பின்னர்ப் பிழைப்பு நாடிச் சென்னைக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் சென்றோரின் கடிதங்களும் இவ்வூர்த் தகரப் பெட்டிகளில் சேர்ந்தன. மணியார்டர் படிவத்தின் அடித்துண்டில் நெருக்கி எழுதிய நான்கு வரியும், மூலையில் மஞ்சள் தடவிய திருமணக் கடிதமும் அவற்றுள் உண்டு. இழவுச் செய்தி தாங்கிய கார்டு மட்டும் இராது. அதனைப் படித்தவுடன் கிழித்தெறிவது வழக்கம். நம் குடும்ப ஏடுகளில் பிறப்பும் மணமும் இருக்க, சாவு விடுபட்டிருப்பதன் காரணம் இதுவே.

பாட்டி எழுதிய தமிழை மலையாளம் மட்டும் கற்ற பேரன் எழுத்துக்கூட்டியும் படிக்க இயலாத நாளில், அது அவனுக்கு வெறும் பழந்தாள். பழைய பேப்பர்க்காரரின் தராசுக்கே உரியது. மணலிக்கரை மடத்தில் 1909இல் கணபதி சாஸ்திரி கண்டெடுத்த ஓலைக்கட்டிலிருந்தன்றோ பாசனின் நாடகங்கள் உலகிற்குக் கிடைத்தன! காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் நமக்கு அணித்தே உள்ளது. ஆயினும் எந்த நூலகமும் வீட்டார் கொடாததைக் காக்க இயலாது.

ஆகவே, வெளியூர்களில் வாழும் நம் குடும்பத்தார் மூன்று செய்தல் வேண்டும். கடிதம் எழுதியவர், பெற்றவர், காத்தவர் ஆகிய மூவர் பெயரையும் உறவுமுறையோடு குறித்து வைத்தல் முதலாவது. மலையாளம் கலந்த நடையையும் எழுத்துப் பிழையையும் திருத்தாது விடுதல் இரண்டாவது. அதுவே எல்லைத் தமிழின் உண்மைக் குரல். ஊரிலிருக்கும் தாயின் பெட்டியில் மகன் கடிதமும், மகன் வீட்டில் தாய் கடிதமும் இருக்குமாயின், உரியவர் இசைவு பெற்று, இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்தல் மூன்றாவது. இம்மூன்றனுள்ளும் அரியது இறுதியதே. மகன் அனுப்பியதைத் தாய் காத்துவிட்டாள். தாய் அனுப்பியதை மகன் காத்தானா என்பதே வருங்கால ஆராய்ச்சியாளர் நம்மிடம் கேட்கப்போகும் கேள்வி.