நினைவு மலர்களில் இடம்பெறாத வகுப்பறை: வட சிலாங்கூர்த் தோட்டப்புறப் பள்ளி நினைவெழுத்து குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழர் எழுதிவரும் உரைநடை வகைகளுள் இடைநிலைப்பள்ளி நினைவெழுத்தும் ஒன்று. பள்ளி ஆண்டு மலர், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் மலர், நல்லாசிரியர் ஒருவரின் பணி ஓய்வு மலர், நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு என இவ்வெழுத்து வெளிவரும் இடங்கள் பல. எனினும், சிறுகதையையும் புதுக்கவிதையையும் திறனாய்வது போல் இதனைத் திறனாயும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. வாழ்த்துரையின் கிளை என்று கருதி இலக்கிய ஆய்வாளர் இதனை ஒதுக்குகின்றனர். வரலாறு எழுதுவோரோ இதில் காண்பதை அப்படியே சான்றாக எடுத்தாள்கின்றனர். இவ்விரு போக்குகளும் பொருந்தாதன என்பது நம் கருத்து. புக்கிட் ரோத்தானையும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தையும் களமாகக் கொண்டு இவ்வெழுத்தின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிள்ளானிலிருந்து வடக்கே கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் புக்கிட் ரோத்தான். ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) ஆகியவற்றை உள்ளிட்ட இவ்வட்டாரம் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த நிலமாகும். நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேயே உருவாயிற்று. அதனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு பெற்றார். இவ்வட்டாரம் உலக இலக்கியத்துள் துரையின் கண்வழியே நுழைந்தது எனலாம். அத்துரைகளின் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகள் தம் வாழ்வைத் தாமே எழுத்தில் வைக்கும் இடங்களுள் ஒன்று பள்ளி நினைவெழுத்து. ஆதலால்தான் அதனிடம் நாம் கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

‘அக்காலம்’ என்னும் சொல்

இந்நினைவுக் கட்டுரைகளில் மிகுதியாகப் பயிலும் சொல் ‘அக்காலம்’ என்பது. அக்காலத்தில் ஆசிரியர்கள் கண்டிப்பானவர்கள்; அக்காலத்தில் மாணவர்கள் ஒழுக்கமானவர்கள்; அக்காலத்தில் கழகங்கள் துடிப்புடன் இயங்கின. இத்தொடர்களில் வரும் ‘அக்காலம்’ எது என்று வினவினால், அச்சொல்லுள் ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று காலங்கள் அடங்கியிருப்பது புலனாகும்.

முதற்காலம் 1965க்கு முற்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் வசிக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்தது. சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைப்பள்ளியாகி 1982 வரை இயங்கியது போல, தமிழை ஊடகமாகக் கொண்ட இடைநிலைக் கல்வி இங்கு நாட்டுக் கல்விமுறையில் இடம்பெறவில்லை. நுழைவுத் தேர்வில் தேறியவரே இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர்.

இரண்டாங்காலம் 1965இல் தொடங்குகிறது. நுழைவுத் தேர்வு கைவிடப்பட்டு, மூன்றாம் படிவம்வரை அனைவருக்கும் வழி திறந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோர் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் பயின்று முதலாம் படிவம் ஏறினர். 1965இல் அவ்வகுப்பில் சேர்ந்த பிள்ளை 1968இன் இறுதியில் எல்.சி.இ. தேர்வை எதிர்கொண்டிருக்கும். அத்தேர்வில் தோற்றோர்க்குப் பள்ளி வாழ்க்கை பெரும்பாலும் அத்துடன் முடிவுற்றது.

மூன்றாங்காலம் பயிற்று மொழி மாறிய காலம். ஆங்கிலவழிப் பள்ளிகளின் முதலாம் படிவம் 1976இலும் ஐந்தாம் படிவம் 1980இலும் தேசிய மொழிக்கு மாறின. அண்ணன் ஆங்கிலத்தில் படித்த பாடத்தைத் தம்பி மலாயில் படித்த வீடுகள் அன்று அரியன அல்ல.

தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் பயின்ற வகுப்பறையின் ஒழுக்கத்தையும், அனைவருக்கும் திறக்கப்பட்ட வகுப்பறையின் நெருக்கடியையும் ‘அக்காலம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது வரலாற்றைக் கலங்கச் செய்வதாகும். முன்னைய மாணவர் சிறந்தவர், பின்னையவர் தாழ்ந்தவர் என்னும் தீர்ப்பு இக்கலக்கத்திலிருந்தே பிறக்கிறது. 1964இல் வாயிலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை அத்தீர்ப்பு கணக்கில் கொள்வதில்லை.

ஆசிரியர் சித்திரிப்பு

நினைவெழுத்தில் ஆசிரியர் இரு வடிவங்களில் வருகிறார்: பிரம்போடு வரும் கண்டிப்பாளர், தம் சம்பளத்தில் மாணவனுக்குக் கட்டணம் செலுத்தும் வள்ளல். பெரும்பாலும் இரண்டும் ஒருவரே. நன்றியுணர்வு தமிழ் மரபில் அறமாகும். அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும், நன்றி மிகுந்த இடத்தில் விவரம் குறைந்துவிடுவதைச் சுட்டாமலிருக்க இயலாது. அவ்வாசிரியர் எப்பாடத்தை எவ்வாறு கற்பித்தார், தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்காத சொல்லை எம்மொழியில் விளக்கினார் என்பன பதிவாவதில்லை.

இறுதியில் கூறிய வினா முதன்மையானது. மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் ஆசிரியப்பணி ஆற்றினர். தமிழ் தெரிந்த ஆசிரியரும் தமிழ் மட்டுமே தெரிந்த மாணவரும் ஆங்கிலத்தில் எதிரெதிரே நின்ற காட்சி அக்கால வகுப்பறையின் இயல்பு. அங்கு ஆசிரியரின் ஒரு தமிழ்ச்சொல் மாணவனைத் தாங்கியிருக்கலாம். அவர் அதைச் சொல்ல மறுத்தது அவனை ஆங்கிலத்துக்குள் தள்ளியிருக்கலாம். வர்க்கம், மொழி, ஊர் ஆகிய மூன்றும் சந்தித்த இவ்விடத்தை ‘கண்டிப்பானவர்’ என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். களமும் மொழியும் வேறாயினும், இதே மாற்றத்தை எழுதியவர் கே. எஸ். மணியம். அவர் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ நாவல் கெடா மாநிலத்தின் பீடோங்கைச் சார்ந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறும் ரவி என்னும் சிறுவனுக்கு மிஸ் நான்சி என்னும் ஆசிரியை புதியதோர் உலகைத் திறக்கிறார். அவ்வுலகே அவனைத் தன் வீட்டிலிருந்து விலக்கவும் செய்கிறது. ஆசிரியரால் பெற்றதும் ஆசிரியரால் இழந்ததும் ஒருங்கே அந்நாவலில் பதிவாகின்றன. நம் நினைவுக் கட்டுரைகள் பெற்றதை மட்டுமே எண்ணுகின்றன. புனைவுக்கு உள்ள உரிமை நினைவுக் கட்டுரைக்கு இல்லை என்று சிலர் கூறலாம். உண்மை நிகழ்ச்சிகளை எழுதுவோருக்கு இவ்வுரிமை இன்னும் கூடுதலாக உண்டு என்பதே நம் விடை.

மாணவர் கழகங்கள்

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கோரினால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். தமிழ் வகுப்பு அமைவது இவ்வாறு ஓர் எண்ணைச் சார்ந்திருந்த சூழலில், தமிழ்மொழிக் கழகங்களின் முக்கியத்துவம் விளங்கும். பள்ளிக்கு வெளியே, 1950களின் முற்பகுதியில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழி வளர்த்த மாணவர் மணிமன்றம் எழுதவும் பேசவும் இளையோரைப் பழக்கியிருந்தது. அம்மரபு பின்னர்த் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகக் கிளைத்தது. பள்ளித் தமிழ்க் கழகங்களின் பேச்சுப் போட்டி, கையெழுத்து ஏடு, பொங்கல் விழா ஆகியவற்றை இம்மரபோடு இணைத்தே நோக்க வேண்டும்.

ஆனால் மலர்களில் கழகம் எவ்வாறு காணப்படுகிறது? தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் என ஒரு பட்டியல். நாற்காலியில் ஆசிரியர்களும் பின்வரிசையில் மாணவர்களும் நிற்கும் ஒரு நிழற்படம். விழா இனிது நடந்தேறியது என்னும் ஓர் அறிக்கை. இப்பட்டியலைக் கூர்ந்து படிக்கும் ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. பொறுப்பாளர்களுள் புகுமுக வகுப்பு வழியே வந்தவர் எத்தனை பேர்?

இவ்வினா கழகத்தின் உண்மைப் பயனைச் சுட்டும். புகுமுக வகுப்பு மாணவன் தன் வயதையொத்த நகர்ப்புற மாணவனைவிட ஓராண்டு பின்தங்கியவனாகவே வகுப்பில் வைக்கப்பட்டான். அவனுடைய ஆறாண்டுத் தமிழ்க்கல்வி அங்கு ஒரு குறையாக எண்ணப்பட்டது. கழக மேடையில் அதே கல்வி அவனது மூலதனமாயிற்று. நகரத்து மாணவன் எழுத்துக்கூட்டிப் படித்த தமிழை அவன் தடையின்றிப் பேசினான். பகல் முழுதும் வாய்மூடியிருந்தவன் பிற்பகலில் பேச்சாளனான அவ்விடத்தைத் தமிழ்ப்பற்று என்னும் சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. தன்மதிப்பு மீட்சி என்றும் அதனை அழைக்கலாம். கழகம் இதைச் செய்ததா, அல்லது அங்கும் நகர்ப்புற மாணவரே முன்னின்றனரா என்பதை அவ்வப்பள்ளி மாணவர்களே கூற வேண்டும்.

எழுதப்படாதோர்

நினைவு மலருக்கு எழுதுவோர் பெரும்பாலும் படித்து முடித்தவர்கள்: ஆசிரியர், அரசு ஊழியர், வழக்கறிஞர், மருத்துவர். பாதியில் நின்றவருக்கு அழைப்பிதழ்கூடச் செல்வதில்லை. வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள தொடர்பைக் கல்வியமைச்சின் 1973ஆம் ஆண்டு இடைநிற்றல் ஆய்வறிக்கை விரிவாகக் காட்டியது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி மறுமுனை அடைபட்ட பாதையாக முடிந்ததைத் தி. மாரிமுத்து 1984இல் எழுதினார். இவ்வாய்வுகளை அறிந்த நாம், அதே பத்தாண்டுகளைப் பற்றிய மலர்களைத் திறக்கும்போது அங்கு யாருமே பள்ளியை விட்டு நிற்கவில்லை என்பது போன்ற தோற்றத்தைக் காண்கிறோம்.

நின்றதற்குக் காரணங்கள் இருந்தன. 1950, 60களில் தோட்டத் துண்டாடல் குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தொழிலாளரின் வேலையைக் கேள்விக்குறியாக்கியது. தந்தையின் வேலை போன வீட்டில் மூத்த பிள்ளையின் பள்ளிப் பையும் ஆணியில் தொங்கியது. ஆசிரியரின் பிரம்பை நினைவுகூரும் கட்டுரை இதனையும் நினைவுகூர்ந்தாலன்றி அதனை ஒரு தலைமுறையின் நினைவு என்று ஏற்க இயலாது.

இவ்வெழுத்தின் நிறையையும் கூறுதல் கடன். அழிந்துபோன தோட்டங்களின் பெயர்களும், வேறெங்கும் பதியப்படாத தமிழாசிரியர்களின் பெயர்களும் இம்மலர்களில்தான் எஞ்சியுள்ளன. இவை இல்லையேல் நம் குறைகூறலுக்கும் பொருளில்லை.

முடிவுரை

1965இல் புகுமுக வகுப்பில் நுழைந்த தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டது. கோலசிலாங்கூரிலும் கிள்ளானிலும் பயின்ற தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்து செய்தி திரட்டும் காலம் குறுகிவருகிறது. எனவே, இனி மலர் தொகுப்போர் கட்டுரையாளரிடம் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டுகிறோம். எவ்வாண்டில் எவ்வழியே பள்ளியில் சேர்ந்தார் என்பது ஒன்று. வகுப்பறையில் எம்மொழி பேசப்பட்டது, கழகத்தில் எம்மொழி பேசப்பட்டது என்பது இரண்டு. அவருடன் புகுமுக வகுப்பில் அமர்ந்தோர் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதியோர் எத்தனை பேர் என்பது மூன்று.

தமிழாசிரியர்கள் இப்பணியை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். தம் தாத்தா பாட்டியரிடம் இம்மூன்றையும் கேட்டு எழுதிவரும் மாணவர் கட்டுரை எழுதவும் பழகுவர், வரலாறும் அறிவர். அவ்வாறு கேட்கும்போது, ஐந்தாம் படிவம் முடித்த தாத்தாவிடம் மட்டுமன்றி, மூன்றாம் படிவத்தோடு நின்று பால்வாளி தூக்கிய பாட்டியிடமும் கேட்க வேண்டும்.