சின்ன வெங்காயத்தில் பெரியது

ஒன்றாம் வகுப்புக்கான பெயரடைப் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் யானை, மரம், பூ, சர்க்கரை. வலப்பக்கம் அழகான, இனிப்பான, பெரிய, உயரமான. கோடு போட்டு இணைக்கணும், அவ்வளவுதான். இந்தத் தாளையும் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பாருங்கள். படத்தைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிடலாம். யானைக்குப் பக்கத்தில் சின்ன யானை கிடையாது, அழகில்லாத பூவும் கிடையாது. ‘யானை’ என்றால் ‘பெரிய’ என்று சொல்ல வேண்டும் என்ற ஜோடியைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. தேய்வழக்கு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பின்னாளில் கதை எழுத உட்காரும்போது கையில் வந்து நிற்கிற ‘அழகிய மாலைப்பொழுது’ இந்தத் தாளிலிருந்து கிளம்பி வந்ததுதான்.

என் வேலையின் பாஷையில் சொன்னால், பெயரடை ஒரு ஃபில்டர். டேபிளில் இருக்கிற எல்லா வரிசையையும் அப்படியே திருப்பித் தருகிற ஃபில்டரை எழுதினால், கோட் ரிவ்யூவில் “இது எதுக்கு?” என்று கேட்பார்கள்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் கிட்டத்தட்ட இதே கேள்வி வருகிறது. மரபிலக்கணத்தில் பெயரடை என்று தனிச் சொல்வகை கிடையாது. நல்ல, பெரிய எல்லாம் குறிப்புப் பெயரெச்சம். ஆனால் அடை என்ன வேலை செய்கிறது என்று அந்த மரபு தீவிரமாக யோசித்திருக்கிறது. இனச்சுட்டு இல்லாத பண்பைப் பெயருக்குக் கொடுப்பது பேச்சுவழக்கின் வழி அல்ல, செய்யுளின் வழி என்கிறது ஒரு நூற்பா. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் செஞ்ஞாயிறு. கருஞாயிறு என்று ஒன்று இல்லையே, பிறகு ‘செம்’ எதிலிருந்து எதைப் பிரிக்கிறது? பின்னால் வந்த நன்னூல் இதைத் தளர்த்தி, இனம் உள்ள அடையும் இல்லாத அடையும் வழக்கிலும் உண்டு, செய்யுளிலும் உண்டு என்றது. பேச்சிலும் நாம் ‘நீல வானம்’ என்று சொல்லத்தானே செய்கிறோம்.

ஆக அடைக்கு இரண்டு வேலை: ஒன்று, பலவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது, இன்னொன்று, ஒரே பொருள் மேல் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது. இரண்டாவதில்தான் கவிதை இருக்கிறது. ஆனால் முதலாவது கைவராமல் இரண்டாவதற்குப் போனால் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும். பயிற்சித்தாள் இந்த இரண்டு வேலையையும் சொல்லித் தருவதில்லை.

அடுக்களை சொல்லித் தருகிறது. “பெரிய டம்ளர எடுத்துட்டு வா” என்றால் அங்கே இரண்டு டம்ளராவது இருக்க வேண்டும். சின்ன வெங்காயம் இன்னும் ருசியான பாடம். “சின்ன வெங்காயத்துல பெருசா நாலு எடு” என்று ஒரு அம்மா சொன்னால், மூன்று வயதுப் பிள்ளை குழம்பாமல் எடுத்துக் கொடுக்கிறது. முதல் ‘சின்ன’ பெயரோடு ஒட்டி இனத்தின் பெயராகிவிட்டது; ‘பெருசு’ அந்த இனத்துக்குள் ஒப்பிடுகிறது. உறவுமுறையும் அப்படித்தான். பெரியப்பா அப்பாவைவிடக் குள்ளமாக இருக்கலாம். அங்கே ‘பெரிய’ என்பது வயசு, உயரம் அல்ல.

அச்சில் இதை அழகாகச் செய்த ஒரு புத்தகம் 1967இல் வந்த ‘பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டு யூ சீ?’ பில் மார்ட்டின் ஜூனியர் எழுதியது, எரிக் கார்ல் வரைந்தது. கிட்டத்தட்ட முழுப் புத்தகமும் பெயரடையும் பெயரும்தான். பழுப்புக் கரடி, சிவப்புப் பறவை, மஞ்சள் வாத்து என்று பழகிய நிறங்களாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு நீலக் குதிரை வருகிறது. கொஞ்சம் தள்ளி ஊதாப் பூனை. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது, படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். எல்லாக் குதிரையும் நீலமாக இருந்தால் ‘நீல’ என்ற சொல்லே தேவைப்படாது என்பதைப் பாடம் நடத்தாமலே அது புரியவைக்கிறது. கார்லின் அந்த நீலத்துக்குப் பின்னால் ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் இருக்கிறார். அவருக்கு மரியாதையாக 2011இல் நீலக் குதிரை வரையும் ஓவியனைப் பற்றித் தனிப் புத்தகமே செய்தார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். 2020 ஜூனில் மேற்கு வங்கத்தின் பர்த்வானில், ஒரு பள்ளியின் மழலையர் ஆங்கில எழுத்துப் புத்தகம் செய்தியானது. ‘யு’ என்ற எழுத்துக்கு, அவலட்சணம் என்று பொருள்படும் ‘அக்லி’ என்ற சொல். பக்கத்தில் கறுத்த நிறமுள்ள ஒருவரின் படம். ஆசிரியைகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தின் வடிவம் நம் ‘பெரிய யானை’யின் வடிவமேதான்: ஒரு படம், ஒரு சொல், ஒப்பிட வேறொன்றும் இல்லை, மறுத்துப் பேச இடமும் இல்லை. பண்பு என்பது ஒருவர் பார்த்துச் சொல்வது என்பது மறைந்து, பொருளிலேயே ஒட்டியிருப்பதாக ஆகிவிடுகிறது.

வகுப்பில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு “நல்ல பையன்” என்று சொல்லும்போது தொல்காப்பியத்தின் இனச்சுட்டு இன்னொரு விதத்தில் வேலை செய்கிறது. நல்ல பையன் என்று ஓர் இனம் உருவானதும், மீதிப் பேர் சொல்லாமலே வேறொரு இனத்துக்குப் போய்விடுகிறார்கள். குழந்தைகளுக்கு இது நன்றாகவே புரியும், அதனால்தான் பின்பெஞ்சில் முகம் வாடுகிறது.

பயிற்சித்தாளைத் தூக்கிப் போட வேண்டாம். யானைக்குப் பக்கத்தில் இன்னொரு யானையை வரைந்துவிட்டு, “எந்த யானை?” என்று கேட்டால் போதும். பதில் சொல்லப் பிள்ளை முதலில் இரண்டையும் பார்க்கும். ‘பெரிய’ வரலாம், ‘தந்தம் உடைந்த’ வரலாம், ‘தூங்குற’ வரலாம். எதுவானாலும் பார்த்துச் சொன்ன சொல்.