தராசு சொல்லாத கணக்கு

புத்தாண்டு பிறந்ததும் பலர் எடுத்துக்கொள்ளும் உறுதி ஒன்று உண்டு. "இந்த ஆண்டு எப்படியும் பத்துக் கிலோ எடையைக் குறைத்துவிட வேண்டும்" என்பதே அது. பொங்கல் வரை அந்த உறுதி நிலைப்பதே அரிது. அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? 'எனக்கு மனவலிமை போதாது' என்று நம்மையே நொந்துகொள்கிறோம். குற்றம் நம் மனத்தில் இருக்கிறதா, அல்லது நாம் வகுத்துக்கொண்ட குறிக்கோளில் இருக்கிறதா? இதை ஆராய்வதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று நமக்கு நல்ல சான்றாக அமைகிறது.

'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அத்தொடர் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. மிகவும் பருமனானவர்களை ஓரிடத்தில் தங்க வைத்து, உணவைக் குறைத்து, நாள்தோறும் மணிக்கணக்கில் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். வாரந்தோறும் மேடையில் ஒரு பெரிய தராசு வந்து நிற்கும். எடை குறைந்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். போதிய அளவு குறையாதவர் வெளியேற நேரிடும். இறுதியில் வெல்பவருக்குப் பரிசு 2,50,000 டாலர். இந்நிகழ்ச்சியின் பல பருவங்கள் ஜனவரி மாதத்திலேயே ஒளிபரப்பைத் தொடங்கின. புத்தாண்டு உறுதி எடுத்தவர்கள் கண்ணில் படுவதற்கு அதைவிடப் பொருத்தமான மாதம் வேறு ஏது?

இந்நிகழ்ச்சியில் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. பருமனானவரால் கடினமான பயிற்சிகளைச் செய்ய இயலாது என்ற எண்ணத்தை அது பொய்யாக்கிற்று. ஆனால் அதன் கதை கடைசி எடைபோடுதலோடு முடிந்துவிடுகிறது. போட்டியாளரின் வாழ்க்கையோ அங்கே முடிவதில்லை. அதன் பிறகு என்ன ஆயிற்று?

அமெரிக்க விஞ்ஞானி கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பரிசோதித்த போட்டியாளர்கள் 14 பேர். முப்பது வாரப் போட்டியில் இவர்கள் சராசரியாக 58 கிலோ எடை குறைந்திருந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதில் சராசரியாக 41 கிலோ திரும்பி வந்திருந்தது!

இதற்குக் காரணம் சோம்பல்தானா? இல்லை. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் இதயத்துடிப்பு, மூச்சு, மூளையின் வேலை ஆகியவற்றுக்காக உடல் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. உணவு திடீரென்று வெகுவாகக் குறைந்தால், உடல் அதைப் பஞ்சகாலமாகவே கருதுகிறது, செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அவரவர் உடலளவுக்கு எதிர்பார்க்கப்படும் செலவைவிட, இப்போட்டியாளர்களின் உடல்கள் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தன. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு இது. கொழுப்புத் திசுக்களில் சுரந்து, 'போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்ற இயக்குநீரும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. உள்ளே பசி கூடுதல், செலவோ குறைவு. இத்தகைய உடலோடு போராடித் தோற்றவரை மனவலிமையற்றவர் என்று இகழ்வது எவ்வளவு அநீதி!

பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் மேற்கொண்டதும் சாதாரண முறையன்று. ஆகவே எடையைக் குறைக்க முயல்வோர் அனைவருக்கும் இதே அளவு நேரும் என்று நாம் முடிவு கட்டக் கூடாது. ஆயினும் அதே போட்டியாளர்களைப் பற்றி 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நமக்கு வழிகாட்டுகிறது. எடை குறைந்த நிலையை ஓரளவு காத்துக்கொண்டவர்கள், மற்றவர்களைவிட அன்றாட உடலுழைப்பை மிகுதியாக்கிக்கொண்டவர்களே என்று அது கண்டது. மேடையும் பரிசும் மறைந்த பிறகு கைகொடுத்தது, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பழக்கமே.

தராசின் முள் நகராவிட்டால் முயற்சி முழுவதும் வீண்தானா? இதற்கு நம் சென்னையிலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நடைப்பயிற்சி பற்றியும், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டும் உணவு பற்றியும் அறிவுரை கூறினர். மூன்றாண்டுக் கணக்கில், அறிவுரை பெறாதோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. அறிவுரை பெற்றோரில் 39 பேருக்கே வந்தது. வியப்பு என்னவென்றால், இவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படியாகக் குறையவில்லை! தராசு கண்டுகொள்ளாத நன்மை உடலுக்குள் நிகழ்ந்திருக்கிறது.

ஆகவே வாசகர்களே, குறிக்கோள் வகுக்கும்போது உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது என் கையில் உள்ள செயலா? வேலை மிகுந்த நாளிலும் இதை என்னால் செய்ய முடியுமா? 'பத்துக் கிலோ குறைப்பேன்' என்பது இரண்டிலும் தோற்கும். 'இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பேன்', 'காப்பியில் சர்க்கரையைப் பாதியாக்குவேன்', 'சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் காய் ஒரு கரண்டி கூட்டுவேன்' என்பன தேறும். அண்டை வீட்டாரின் குறிக்கோளை நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. இரவுப்பணி செய்பவருக்கு உறக்கத்தை ஒழுங்குபடுத்துவதே முதல் தேவையாக இருக்கலாம். நாளெல்லாம் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு மணிக்கொரு முறை எழுந்து நடப்பது போதுமான தொடக்கம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கவோ பட்டினி கிடக்கவோ கூடாது.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் தொடருங்கள். அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடல் நம் எதிரியன்று, அதைப் போட்டியில் வீழ்த்துவதற்கு. அது பஞ்சத்துக்கு அஞ்சிப் பழகிய பழைய தோழன். மெல்ல அழைத்துச் சென்றால் நம்முடன் நெடுந்தூரம் வரும்.