கரகமும் குடக்கூத்தும்

மாரியம்மன் விழாக்களில் நிகழும் கரகாட்டத்தைச் சிலப்பதிகாரம் கூறும் குடக்கூத்தின் வழிவந்ததெனக் கொள்வார் பலர். இரண்டும் குடங்கொண்டு ஆடப்பெறுவன என்பதே இக்கொள்கைக்கு அடிப்படை. இவ்வொருமை ஒன்றே போதுமா என்பது ஆராய்தற்குரியது.

கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் குடமும் ஒன்று. வாணன் நகர வீதியில் மாயவன் ஆடியது அது. அடியார்க்குநல்லார் குடக்கூத்தை விநோதக் கூத்துகளுள் வைத்து எண்ணுவர். வைணவ உரையாசிரியரோ, தலையிலும் தோளிலும் குடங்கள் இருப்ப, கையிற் கொண்டவற்றை விசும்பில் எறிந்து ஆடுதல் என அதனை விளக்குவர். ஆண்டுக் குடம் ஆடற்கருவியே.

கரகத்திலோ குடமே தெய்வம். நீர்நிலையில் நீர் முகந்து, வேப்பிலையும் பூவும் சூட்டி, அம்மனை அதன்கண் எழுந்தருளச் செய்து தலைமேல் தாங்கி வருவது சத்தி கரகம். அதனை எறிதல் என்னும் பேச்சிற்கே இடமில்லை. செம்பின்மேற் கிளிப்பொம்மை பொருத்தி நையாண்டி மேளத்திற்கு ஆடும் ஆட்டக்கரகத்திலும் கைதொடாமையே திறனாகப் போற்றப்படுகின்றது. இது சடங்கின் எச்சமாதல் கூடும். கரகம் என்னும் சொல்லும் தொல்காப்பிய மரபியலில் அந்தணர்க்குரிய நீர்க்கலத்தைக் குறித்ததன்றி ஆடலைக் குறித்திலது.

ஆகவே, தலையிற் குடந்தாங்கும் பயிற்சி இரண்டற்கும் பொதுவாகலாம். அதுகொண்டு மரபும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. பழமை காட்டும் விழைவால் கரகத்தைக் குடக்கூத்தாக்குவோமாயின், நோய் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டித் தெய்வத்தைத் தலைமேல் ஏற்கும் ஊர்மக்களின் வழிபாட்டுக் கருத்து மறைந்து, விளையாட்டொன்றே எஞ்சும்.