மாணவன் கேட்கும் வினா

ஞானோபதேச நூல்களின் வினா-விடை வடிவம் நம் மொழிக்கும் பழையது. 1579-இல் கொச்சியில் அச்சேறிய 'கிரீசித்தியானி வணக்கம்' குருவும் மாணவனும் உரையாடும் பாங்கில் அமைந்தது. பின்னர் இத்தாலியில் புனித இராபர்ட் பெல்லார்மின் இவ்வடிவில் இரு நூல்கள் எழுதினார். 1597-இல் வந்த சிறு நூலில் ஆசிரியர் வினவ மாணவன் விடையிறுக்கிறான்; 1598-இல் வந்த விரிவான நூலில் மாணவன் வினவ ஆசிரியர் விளக்குகிறார். இரண்டாவது முறையே நமக்கு உவப்பானது. ஆயினும் அம்மாணவன் ஓர் எழுத்தாளரின் படைப்பு. விடை ஆயத்தமாயிருக்கும் வினாவை மட்டுமே அவன் கேட்பான்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அமரும் எட்டு வயதுச் சிறுமி அப்படிப்பட்டவள் அல்லள். "இயேசு கடவுள்தானே, அவர் ஏன் எழுதப் படிக்கக் கற்க வேண்டும்?" என்பாள். "மூன்றாம் நாள் உயிர்ப்போம் என்று தெரிந்தவருக்குச் சிலுவை வலித்திருக்குமா?" என்பாள். பல வகுப்புகளில் இவற்றுக்குக் கிடைக்கும் விடையை நாம் அறிவோம்: அவருக்கு எல்லாம் தெரியும், நமக்கு முன்மாதிரி காட்டவே அப்படிச் செய்தார்.

இறைத்தன்மையைக் காக்கும் ஆர்வத்தில் பிறந்த விடை இது. ஆனால் இதன்படி இயேசு கற்பவர் போலவும் துன்புறுபவர் போலவும் நடித்தவராகிறார். கிறிஸ்து மனிதராகத் தோன்றினாரேயன்றி மனிதராகவில்லை என்ற பழைய தப்பறை, பக்தியின் ஆடையுடுத்தி வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறது. அவர் உண்மையான கடவுளும் உண்மையான மனிதருமானவர் என 451-இல் கால்செதோன் பொதுச்சங்கம் வரையறுத்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அவரது மனித அறிவு எல்லைக்குட்பட்டது, மனிதர் பட்டறிவால் கற்பதை அவரும் கற்க வேண்டியிருந்தது என்று தெளிவுறுத்துகிறது. தாம் வெளிப்படுத்த வந்த இறைத்திட்டத்தை அவர் முழுமையாக அறிந்திருந்தார் என்றும் அந்நூல் சேர்த்தே சொல்கிறது. அதை விடுத்து மறுபக்கம் சாய்வதும் முறையன்று.

வலியைப் பற்றிய வினாவே கடினமானது. நோயுற்ற தாயை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த குழந்தை அதைக் கேட்கிறதென்றால், அக்குழந்தையின் செபமே நம் விடையைச் சார்ந்து நிற்கிறது. வலியை அறியாத ஒருவரிடம் அது எதைச் சொல்லி வேண்டும்? கெத்சமனியில் இயேசு திகிலுற்றதையும், துன்பக் கிண்ணம் அகல வேண்டியதையும் மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். அதே இரவில் இயேசு சீடர்களுக்குப் பேறுகாலத் தாயை உவமையாகக் காட்டியதாக யோவான் குறிக்கிறார் (16:21). குழந்தை பிறக்கும் என்று தாய்க்குத் தெரியும்; தெரிந்தும் வலிக்கிறது. தம்பி பிறந்த வீட்டுச் சிறுமிக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

காணாமற்போய்க் கோவிலில் கண்டடையப்பட்ட பன்னிரண்டு வயது இயேசுவை, கையுயர்த்திப் போதிப்பவராகவே பல படங்கள் காட்டுகின்றன. லூக்காவோ, அவர் போதகர் நடுவே அமர்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் வினவிக்கொண்டும் இருந்ததாகவே முதலில் எழுதுகிறார். அவருடைய விடைகள் வியப்பூட்டிய செய்தி அடுத்துத்தான் வருகிறது. நம் பாடநூல்களுக்குப் படம் வரைவோர் அந்தக் கையை அடுத்த பதிப்பிலேனும் சற்றுத் தாழ்த்தலாம்.