முருகன்பூண்டி வழிப்பறியும் சேக்கிழார் கண்ட தீர்வும்

தமிழிலக்கியத்தில் களவு வழக்கு என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது மதுரையில் நிகழ்ந்த சிலம்பு வழக்கேயாம். அதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பிறிதொன்று கொங்கு நாட்டில், அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்ததாகப் பேசப்படுகிறது. சேரமான் பெருமாள் அளித்த பெரும்பொருளுடன் மீண்ட சுந்தரரை வேடர் வழிமறித்துப் பறித்தனர். அவர் பதிகம் பாடவே பொருள் மீண்டது. இதனை இறைவன் திருவிளையாடல் எனப் போற்றி அமைவதே பெருவழக்கு. குற்றம் சாட்டுதல், குற்றவாளியைத் துணிதல், இழந்ததை மீட்டல் என்னும் மூன்றும் இங்கு எவ்வாறு அமைந்துள்ளன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பதிகத்தை நோக்குவோம். ஏழாந் திருமுறையில் 49-ஆம் பதிகமாக உள்ள இதில், வில்லைக் காட்டி வெருட்டுதல், கல்லெறிதல், மோதுதல், ஆடை பறித்தல் ஆகியன அடுக்கிச் சொல்லப்படுகின்றன. இவை மறைந்து செய்யும் களவின் இலக்கணம் அல்ல; அச்சுறுத்தியும் ஊறு செய்தும் பறிக்கும் ஆறலைத்தலின் இலக்கணமாம். திருட்டுக்கும் வழிப்பறிக்கும் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 390-ஆம் பிரிவில் வகுத்த வேறுபாடும் இதுவே. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 309-ஆம் பிரிவும் அவ்வேறுபாட்டையே போற்றுகிறது. நெடுஞ்சாலையில் ஞாயிறு மறைந்த பின்னும் எழுமுன்னும் நிகழும் வழிப்பறிக்குத் தண்டனை 14 ஆண்டு வரை உயரும் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். வழிச்செல்வோன் துணையற்றவன் ஆதலின், அவனுக்குத் தனிக் காப்பு வேண்டும் என்பது சட்டத்தின் உட்கோள். பாலைக்காட்டுக் கணவாய் வழியே சேரநாட்டையும் சோழநாட்டையும் இணைத்த கொங்கு நாட்டிற்கு இவ்வச்சம் புதிதன்று. கோவையை அடுத்துக் கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, அவ்வழிகளை அரசர் பொருட்படுத்தியமைக்குச் சான்றாம்.

இனி, பதிகத்தின் முறையீடு எவரை நோக்கியது? வேடரை நோக்கியதன்று. இத்தகைய இடத்தில் நீர் எதன்பொருட்டு இருக்கின்றீர் என்று இறைவனையே பாட்டுத்தோறும் வினவுகிறார் சுந்தரர். இதனைத் தோழமையின் உரிமையாற் பிறந்த எள்ளல் என்பர். அது பொருந்துமாயினும் முழுதும் அமையாது. கள்வர் கொண்ட பொருளை அரசனே மீட்டுத் தரல் வேண்டும் என்பது மனுநூலின் விதி. மீட்க இயலாதாயின் தன் பொருளினின்று தரல் வேண்டும் என்பது கௌடிலியர் கொள்கை. இடத்திற்கு உரியவனே அவ்விடத்துக் காவலுக்குப் பொறுப்பாளன் என்னும் இந்நெறியே பதிகத்தின் வினாவில் அடங்கியுள்ளது. ஆதலின் அவ்வினா, காவலனை நோக்கிய குற்றச்சாட்டு எனக் கொள்ளுதலே சிறப்பாம்.

பதிகத்தில் பொருள் மீண்ட செய்தி இல்லை. பறித்தோர் பூதகணத்தார் என்ற குறிப்பும் இல்லை. வடுக வேடர் என்னும் குழுப்பெயர் ஒன்றே உண்டு. சேக்கிழாரோ இறைவனின் ஏவலால் பூதகணங்களே வேடுருக் கொண்டு வந்தன என்றும், பறித்ததைத் திருவாயிலில் மீளக் குவித்தன என்றும் பாடினார். அடியவர் தம்மிடமன்றிப் பிறரிடம் பொருள் பெறலாகாது என்னும் இறைவன் கருத்தே இதற்கு அவர் காட்டும் காரணம். ஆயின் இம்மாற்றத்தால் விளைந்த பயன் அதனினும் பெரிது. வேடர் குழு முழுமையும் குற்றத்தினின்று நீங்கிற்று. கண்ணப்பரைத் திருத்தொண்டர் வரிசையில் ஓங்க வைத்த புலவர், ஒரு பிறப்பினரை ஒட்டுமொத்தமாகக் கள்வர் என நிறுத்தாமை வியப்பன்று.

வழக்காராயும் முறையைச் சேக்கிழார் அறியாதவரல்லர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைப் பிற எழுத்தோடு ஒப்புநோக்கித் துணிந்த காட்சியை விரிவாகப் பாடியவர் அவரே. பூண்டியில் அவை கூடவில்லை, சான்று கேட்கப்படவில்லை, தண்டனையும் இல்லை. மீட்சி மட்டுமே உண்டு.

சிலம்பில் இதற்கு நேர்மாறான நிலையைக் காண்கிறோம். ஆங்குத் தீர்ப்பு முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது. கையில் சிலம்பு இருந்ததே களவுக்குச் சான்றாயிற்று. களவு போன பொருளை விரைவில் கைவசம் வைத்திருப்பவனைக் கள்வன் எனவோ, களவென அறிந்து பெற்றவன் எனவோ கருதலாம் என்பது இற்றைச் சான்றுச் சட்டமும் ஏற்கும் ஊகமே. ஆனால் அது வந்த வகையை விளக்கும் வாய்ப்பை அச்சட்டம் அவனுக்கு அளிக்கிறது. கோவலனுக்கு மறுக்கப்பட்டது அவ்வாய்ப்பே. முத்தும் மாணிக்கமும் வேறுபடக் கண்ட பின்னரே மன்னன் உண்மை உணர்ந்தான். மெய்க்கள்வனாகிய பொற்கொல்லன் அவையில் நிறுத்தப்படவே இல்லை. உரைபெறு கட்டுரையோ, வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது. ஒருவன் குற்றம் ஒரு தொழிற்குழுவின்மேல் ஏற்றப்பட்டது. கொங்கிளங்கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழாச் செய்தமையை அக்கட்டுரை இதனை அடுத்தே கூறுகிறது. ஆங்குப் பலி பற்றிய பேச்சில்லை.

பிறப்பு நோக்கிக் குற்றம் சுமத்தும் போக்கு பழங்கதையோடு ஒழிந்ததன்று. 1871-இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. இங்கு 1947-இலும், நாடு முழுவதற்கும் 1952-இலும் நீக்கப்பட்டது. அது நின்ற காலமெல்லாம், இவன் செய்தான் என்பதற்கு ஈடாக, இன்ன குலத்தான் என்பதே கண்காணிப்புக்குப் போதியதாயிற்று.

ஆகவே, களவு வழக்கின் தீர்வு இருகூறுடையது என்பது பெறப்படும். இழந்தவனுக்குப் பொருள் மீளல் ஒன்று. செய்தவனைச் சான்றால் துணிதல் மற்றொன்று. வழக்கு முடியுமுன்னரே கைப்பற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்னும் இக்கால நடைமுறையும் இவ்விரண்டையும் வேறுவேறாகவே கொள்கிறது. பூண்டியில் முன்னது நிறைந்து பின்னது இல்லையாயிற்று. மதுரையில் பின்னது பிழைத்தமையால், முன்னது எவ்வாற்றானும் ஈடு செய்யலாகாத உயிரிழப்பாக முடிந்தது. துணிதற்குரிய சான்று இல்லாவிடத்து எவர்மேலும் பழி சுமத்தாது, இழந்ததை மட்டும் மீட்டளித்த சேக்கிழார் தீர்வு முழுமையானதன்று, எனினும் தீங்கற்றது. அப்புராணப் பகுதியை அற்புதம் என்ற அளவில் நிறுத்தாது, நீதி பற்றிய புலவரின் தெரிவாகவும் கற்றல் தகும்.