சதுர நிலா

மைன்கிராஃப்ட் விளையாட்டில் நிலா சதுரம். அங்கே பகலும் இரவும் சேர்ந்து நம் கடிகாரத்தில் 20 நிமிடம்தான். புது உலகின் முதல் இரவு பௌர்ணமி. கையில் வாளோ தலைக்கு மேல் கூரையோ இல்லாதவனுக்கு அவ்வளவு பெரிய நிலா! பிறகு இரவுக்கு இரவு தேய்ந்து, வளர்ந்து, எட்டு நாளில் மறுபடி முழுமதி. 2 மணி 40 நிமிடத்தில் ஒரு மாதமே முடிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த இடம் சதுப்பு நிலம். பௌர்ணமியன்று ஸ்லைம் என்னும் பச்சைப் பிசின் உயிரினங்கள் தொப் தொப்பென்று குதித்து வரும். அமாவாசையன்று அங்கே ஒன்றுகூடத் தலைகாட்டாது. ஒட்டும் பிஸ்டன் என்ற கருவியைச் செய்ய அவற்றின் பிசின் உருண்டை வேண்டும். அதனால் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

வானியல் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். இந்த விளையாட்டில் எந்தப் பிறையானாலும் நிலா சூரியனுக்கு நேரெதிரேதான் நிற்கும். நடுநிசியில், உச்சி வானில், மெல்லிய பிறை! நம் வானத்தில் அது நடக்காது. (நடந்தால் அழகாகத்தான் இருக்கும்.)

விளையாடுபவர்கள் பலர் பொழுது சாய்ந்ததும் கட்டிலில் படுத்து இரவையே தாண்டிவிடுகிறார்கள். மூன்று நாள் தூங்காதவர்மேல் ஃபேன்டம் என்னும் பறக்கும் பூதங்கள் பாயும் என்பது உண்மைதான். அதற்காகப் பௌர்ணமியையுமா தூங்கிக் கழிப்பது?